புலித்தலை ராட்சசனும் குடவோலைப் பானையும்

மே மாத லீவுக்கு அக்காவின் பிள்ளைகள் உத்திரமேரூர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். திண்ணையில் என் லேப்டாப் திறந்து கிடந்தது. அதில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் பழைய பூதப் பட்டியல் ஒன்று. எட்டாவது படிக்கிற அக்கா மகள் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள். புலித்தலை, மனுஷ உடம்பு, மேலே மடிப்புக் கலையாத கோட்டு, கையில் புகைக்குழாய். பெயர் ராட்சசன் என்று போட்டிருந்தது.

"மாமா, ராட்சசனுக்கு ஏன் புலி மூஞ்சி? நம்ம கதைல அப்படி வருதா?"

எனக்கும் சட்டென்று பதில் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷமாக இந்த ஆட்டங்களை ஆடிக்கொண்டிருக்கிறேன். இன்ஜினியரிங் ஹாஸ்டலில் 'பால்டர்ஸ் கேட் 2' ஆடியபோது ஜின் ஒன்றுக்காக ஒரு ராட்சசியைத் தேடிக் கொன்ற ஞாபகம்கூட இருக்கிறது. அப்போது இந்தக் கேள்வி வரவே இல்லை. அவள் கேட்டதற்காகத் தேட ஆரம்பித்து, புலியில் தொடங்கி நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வந்து முடிந்தது. அந்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்கு

ரோல் பிளேயிங் கேம் என்பது சுருக்கமாக ஆர்.பி.ஜி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கதவைத் திறக்கிறேன்", "காவலாளியிடம் பொய் சொல்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம். இன்று கம்ப்யூட்டரில் இருக்கும் ஆர்.பி.ஜி. எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதற்குப் பேரன் பேத்தி.

ஆட்டத்தில் விதிகள் ஒரு பாதி. மறுபாதி 'செட்டிங்', அதாவது கதை நடக்கும் உலகம். அங்கே எந்த நாடு, யார் ராஜா, எந்தச் சாமி, ஊருக்குள் என்ன பாஷை, காசுக்கு என்ன பேர், இதெல்லாம். எழுதப்பட்ட உலகங்கள் ஏராளம். ஆடப்படுபவை கொஞ்சம். டி.எஸ்.ஆர். என்ற கம்பெனி 1989-இலிருந்து சில வருஷங்களுக்குள் ஸ்பெல்ஜாமர், டார்க் சன், அல்-காதிம், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட் என்று வரிசையாகப் பெட்டி பெட்டியாக உலகங்களை விட்டது. ஒரு உலகத்தை வாங்கினவர் இன்னொன்றை வாங்கவில்லை. ரசிகர்கள் பிரிந்தார்கள், விற்பனை சிதறியது. கம்பெனியின் கடன் சுமைக்கு இதுவும் ஒரு காரணம். 1997-இல் அதை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. அந்த உலகங்களில் பலவற்றுக்குப் பிறகு ரொம்ப காலம் புதுப் புத்தகமே இல்லை.

இதெல்லாம் ஆட்டக்காரர்கள் அடிக்கடி பேசுகிற சங்கதி. ஆனால் இவை முதலில் எழுதப்பட்டு அப்புறம் மறக்கப்பட்ட உலகங்கள். நமக்கு நடந்தது வேறு.

புலி எங்கிருந்து வந்தது

1974 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற பேய்த் தொடரில் ஒரு வாரக் கதை ஒளிபரப்பானது. அதில் வரும் பூதம் ராட்சசன். எதிரே இருப்பவர் நம்புகிற ஆளின் உருவத்தில் வந்து கொல்லும். அதைக் கொல்ல ஒரே வழி, மந்திரித்த குறுக்குவில் அம்பு.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1975 டிசம்பரில், டி.எஸ்.ஆர். நடத்திய சிறுபத்திரிகையில் ராட்சசன் ஆட்டத்துக்குள் வருகிறான். நம்புகிற ஆளின் உருவத்தில் வருவான். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவான். எங்கிருந்து வந்தான் என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை. 1977-இல் பூதப் பட்டியல் கெட்டி அட்டைப் புத்தகமாக வந்தபோது டேவ் டிராம்பியர் என்ற ஓவியர் புலித்தலையும் புகைக்குழாயுமாக அந்தப் படத்தைப் போட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஐம்பது வருஷமாக, மேசை ஆட்டமோ கம்ப்யூட்டர் ஆட்டமோ, ராட்சசன் என்றால் புலி.

யோசித்துப் பாருங்கள். நம்ம ராட்சசர்களுக்கு ஊர் இருக்கிறது, அண்ணன் தம்பி இருக்கிறார்கள், நியாயம் பேசுகிற விபீஷணன் இருக்கிறான், தூங்கி எழுந்து அண்ணனுக்குப் புத்தி சொல்கிற கும்பகர்ணன் இருக்கிறான். அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு தலையும் ஒரு பலவீனமும். நாகமும் அப்படித்தான் போனது. ஜப்பானிய 'ஃபைனல் ஃபேண்டஸி' வரிசையில் 1990 முதல் சிவா என்ற பெயரில் ஒரு பனிப்பெண் வந்து எதிரிகளை உறைய வைக்கிறாள். கைலாயம் பனிமலை என்பதால் வந்த குழப்பமோ என்னவோ!

எனக்கு இதில் கோபம் இல்லை. ஐரோப்பியக் கதைகளையும் அவர்கள் இதே மாதிரிதான் பிய்த்துப் போட்டார்கள். ஆனால் ஐரோப்பாவுக்கு ஒன்று கூடுதலாகக் கிடைத்தது. பூதத்தோடு ஊரும் போனது. சத்திரம், கொல்லன் பட்டறை, சந்தை, ஊர்க்காவல், வரி வசூலிக்கும் பிரபு எல்லாம் போயின. சீனாவும் ஜப்பானும் 1985-இல் 'ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ்' புத்தகமாக வந்தன. மெக்சிகோவின் பழங்குடிப் பேரரசுகள் 1991-இல் மாஸ்டிகா. அரேபியக் கதையுலகம் 1992-இல் அல்-காதிம். அவற்றில் பிழைகள் உண்டு, அசட்டுத்தனம் உண்டு, ஆனாலும் உலகம் என்று ஒன்று இருந்தது. இந்தியாவுக்கு டி.எஸ்.ஆர். தனிப் பெட்டி போடவில்லை. ரேவன்லாஃப்ட் என்ற திகில் உலகத்தின் மூலையில் ஸ்ரீ ராஜி என்று ஒரு காடு கிடைத்தது. 1993-இல் வந்த ஒரு சாகசப் புத்தகம் அங்கே நடக்கிறது. அந்தக் காட்டை ஆள்பவன் யார் தெரியுமா? ராட்சசன்.

ஆக நம்ம பக்கம் பூதம் போனது. ஊர் போகவில்லை.

ஒரு பேராசிரியரும் ஒரு பெட்டியும்

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். அது வேறு எவர் உலகத்தைவிடவும் மறக்கப்பட்ட உலகம்.

எம்.ஏ.ஆர். பார்க்கர் மொழியியலாளர். அமெரிக்கப் பழங்குடி மொழியான கிளாமத்துக்கு இலக்கணமும் அகராதியும் எழுதியவர். உருதுப் பாடநூலும் பலூச்சிப் பாடநூலும் எழுதியவர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியப் பாடம் நடத்தினார். சிறுவயதிலிருந்தே மனதில் கட்டிக்கொண்டு வந்த டெக்குமெல் என்ற உலகத்தை 1975-இல் டி.எஸ்.ஆர். 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' என்ற பெட்டியாக வெளியிட்டது. டன்ஜன்ஸ் ஆட்டம் வந்து ஒரே வருஷம்தான் ஆகியிருந்தது.

டெக்குமெலில் ஐரோப்பா இல்லை. இந்தியா, மாயர் நாடு, எகிப்து எல்லாம் கரைந்து புதிதாக ஆன ஒன்று. குலம் இல்லாமல் அங்கே ஒருவனுக்கு வாழ்க்கை இல்லை. யாரை எந்த மரியாதைச் சொல்லால் கூப்பிட வேண்டும் என்பதற்கு வரிசை உண்டு. அதற்கென்று தனி மொழி, தனி எழுத்து. நாம் 'நீ, நீங்க, தாங்கள்' என்று பார்த்துப் பார்த்துப் பேசுகிறவர்கள். அமெரிக்கக் கல்லூரிப் பையன்களைவிட நமக்கு அந்த உலகம் சுலபமாகப் புரியும்.

பார்க்கர் ஒரு தந்திரம் செய்தார். ஆடுகிறவர்களுக்கு உலகம் தெரியாது என்பதால், அவர்களுடைய பாத்திரங்களும் வெளிநாட்டிலிருந்து படகில் ஜக்கால்லா துறைமுகத்தில் வந்து இறங்கும் அந்நியர்களாகவே தொடங்குவார்கள். அந்நியர் சேரியில் தங்கி, வேலை தேடி, மெல்ல ஊரைக் கற்றுக்கொள்வார்கள். அருமையான ஏற்பாடு. ஆனாலும் ஆட்டம் பரவவில்லை. டன்ஜன்ஸ் பெட்டி 10 டாலர், இது 25 டாலர். பெயர்கள் வாயில் நுழையவில்லை. விதிகள் அவசரமாக டன்ஜன்ஸிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை. பிறகு பதிப்பாளர் மாறி மாறி, ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

நான் டெக்குமெலைத் தலையில் வைத்துக் கொண்டாடிய காலம் ஒன்று உண்டு. 2022-இல் அது போனது. பார்க்கர் 2012-லேயே காலமாகிவிட்டார். 1991-இல் புனைபெயரில் வெளியான ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியவர் அவர்தான் என்பதை, அவருடைய உலகத்தைப் பாதுகாக்கும் அறக்கட்டளையே 2022-இல் ஒப்புக்கொண்டது. யூதப் படுகொலையை மறுக்கும் ஒரு பத்திரிகையின் ஆசிரியர் குழுவிலும் அவர் பெயர் இருந்திருக்கிறது.

இஸ்லாத்தைத் தழுவியவர், ஆசிய மொழிகளில் ஊறியவர், ஐரோப்பா இல்லாத உலகம் கட்டியவர். அவருக்குள் இது எப்படி இருந்தது? எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு பெட்டியை எடுத்துப் படித்தபோது கண்ணில் பட்டவை வேறு. யார் மேல் குலம், யார் கீழ்க் குலம், யார் அடிமை என்ற அட்டவணைகள். முன்பு அவை உலகத்தின் ஆழம் என்று தோன்றின. இப்போது, இந்த அட்டவணையில் ஆடுகிறவன் எங்கே நிற்கிறான் என்ற கேள்விதான் வந்தது. இந்தக் கேள்வியை நினைவில் வையுங்கள். கீழே திரும்ப வரும், இன்னும் பக்கத்தில்.

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது

நியாயமாகச் சொன்னால், சமீபத்தில் நிலைமை பரவாயில்லை. 2014-இல் பைரோடாக்டில் என்ற சிறிய இந்தியக் குழு 'அன்ரெஸ்ட்' என்ற கம்ப்யூட்டர் ஆர்.பி.ஜி.யை வெளியிட்டது. பஞ்சம் பிடித்த ஒரு பழைய இந்தியக் கற்பனை நகரம். கத்திச் சண்டை அபூர்வம். பெரும்பாலும் பேச்சு. வீட்டில் கல்யாணம் பேசி முடித்துவிட்ட ஒரு ஏழைப் பெண்ணாக ஆடவேண்டிய பகுதி அதில் உண்டு. அரக்கனைக் கொல்வதைவிட அது கஷ்டம். 2020-இல் புனேயிலிருந்து 'ராஜி' வந்தது. தம்பியை அசுரர்களிடமிருந்து மீட்கப் போகும் கழைக்கூத்தாடிப் பெண்ணின் கதை. ஆர்.பி.ஜி. என்பதைவிட அதிரடி ஆட்டம், பார்க்க அழகு.

மேசை ஆட்டத்தில், 2021-இல் அஜித் ஜார்ஜ் ரேவன்லாஃப்ட்டுக்குள் காலகேரி என்ற நாட்டை எழுதினார். அங்கே ஒரு மகாராணிக்கும் அவள் கூடப்பிறந்தவர்களுக்கும் அரியணைச் சண்டை. 2022-இல் வந்த 'ரேடியன்ட் சிட்டடல்' தொகுப்பில் மிமி மொண்டால் வங்கத்து ஆற்றங்கரையைச் சங்கபூமி என்ற உலகமாக்கினார்.

தமிழ்நாடு? நாம் போர்த்தந்திர ஆட்டங்களில் வந்துவிட்டோம். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-இல் 2022-இல் திராவிடர் என்ற நாகரிகமும் ராஜேந்திர சோழன் படையெடுப்பும் சேர்ந்தன. 2025-இல் வந்த 'சிவிலைசேஷன் 7'-இல் சோழர் உண்டு. சந்தோஷம்தான். ஆனால் கவனியுங்கள், அங்கேயும் போவது கப்பலும் யானையும் சுருள்வாளும். படை போனது. ஊர் இன்னும் போகவில்லை.

சுவரில் ஒரு விதிப்புத்தகம்

அக்கா மகளுக்குப் புலிக் கதையைச் சொல்லி முடித்த சாயங்காலம், கடைத்தெருவுக்குப் போகிற வழியில் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறந்ததிலிருந்து பார்த்த சுவர். பள்ளிக்கூடத்தில் 'குடவோலை முறை' இரண்டு மார்க் கேள்வி. அன்றைக்குத்தான் அது எனக்கு ஒரு ஆட்ட விதிப்புத்தகமாகத் தெரிந்தது.

பராந்தக சோழனின் காலம். ராஜராஜனுக்குக் கொள்ளுத்தாத்தா. அவனது 12-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919-இல், ஒரு கல்வெட்டு. 14-ஆம் ஆண்டில், 921-இல், இன்னொன்று. இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. உத்திரமேரூர் சதுர்வேதிமங்கலத்துச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்பது.

எங்கள் பாஷையில் சொன்னால் இது பதிப்பு ஒன்று, பதிப்பு இரண்டு. முதல் பதிப்பில் வயது வரம்பு 30-இலிருந்து 60. இரண்டு வருஷத்தில் அதை 35-இலிருந்து 70 என்று மாற்றியிருக்கிறார்கள். இரண்டாம் பதிப்பு ரொம்ப விரிவு. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். படிப்பு கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவர் மட்டுமா, அவருடைய சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மைத்துனன், மாமனார், மருமகன் என்று நீள்கிற பட்டியலில் எவரும் கூடாது. எழுதினவருக்குச் சொந்தக்காரர்கள் எப்படியெல்லாம் உள்ளே நுழைவார்கள் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது!

பிறகு தேர்வு. ஊரில் 30 குடும்பு, அதாவது வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, பானையில் போட வேண்டும். சின்னவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்க, பூசாரிகளில் மூத்தவர் பானையை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து இன்னொரு பானையில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து அவனே ஒரு ஓலையை எடுப்பான். கணக்கர் அதை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாசிக்க வேண்டும். அங்கே இருக்கும் பூசாரிகள் எல்லாரும் திரும்ப வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் ஏறும்.

ஐந்து விரலையும் விரித்து! இந்த ஒரு விதியில் நான் ரொம்ப நேரம் நின்றேன். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது. யாரோ, எப்போதோ, அப்படிச் செய்திருக்க வேண்டும். சாஃப்ட்வேரில் ஒரு விதி இவ்வளவு நுணுக்கமாக இருந்தால், அதற்கு முன்னால் ஒரு கோளாறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி 30 பேர் வருவார்கள். 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். காலம் 360 நாள். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனி.

1995-இல் வந்த பர்த்ரைட் உலகத்தில் ஆடுகிறவர்கள் ராஜாக்கள். நாட்டை ஆள்வதுதான் ஆட்டம். நல்ல யோசனை, பாவம், அதுவும் மறக்கப்பட்டது. ஆனால் ஏரி வாரியத்து ஆறு பேரில் ஒருவராக, வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய வாரம், கரையில் ஒரு கசிவைக் கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள்? போன வாரியம் கணக்குக் காட்டவில்லை. தூர் வார ஒதுக்கின பொன்னைக் காணோம். கணக்குக் காட்டாதவர் உங்களுக்கு மைத்துனர். சொன்னால் அவருக்குக் கேடு, அவர் வழியாக உங்கள் குடும்பத்துக்கும் கேடு. சொல்லாவிட்டால் ஏரி உடையும். இதற்கு எந்தப் பூதமும் தேவையில்லை.

919-க்கும் 921-க்கும் நடுவே விதியை மாற்றும்படி என்ன நடந்தது? கல்வெட்டு அதைச் சொல்வதில்லை. கெட்டவர்கள் ஒழிந்து நல்லவர்கள் தழைக்க வேண்டும் என்பதற்காக என்று மட்டும் சொல்கிறது. ஆட்டம் நடத்துகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

நான் யாரு இதுல?

மறுநாளே ஆரம்பித்தோம். அக்கா மகள், ஆறாவது படிக்கிற அவள் தம்பி, எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர். சார்ட் பேப்பரில் ஊர் வரைபடம். வைரமேகன் பெயரில் பல்லவர் காலத்திலிருந்தே இருந்த ஏரியைப் பெரிதாக நீலத்தில் வரைந்தாள்.

இருபது முகப் பகடைக்குப் பதிலாகத் தாயக்கட்டை. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் 16 வாய்ப்பு. மூன்று விழ 16-இல் 4. இரண்டும் நாலும் மும்மூன்று. தாயமும் ஐந்தும் இரண்டிரண்டு. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொன்று. நடுவில் குவிந்து ஓரத்தில் அரிதாகும் அழகான பரவல். மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் பலிக்கும் என்று வைத்தேன். பதினாறில் 11, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. பன்னிரண்டு விழுந்தால் நினைத்ததற்கு மேலேயே நடக்கும்.

விதிகளைச் சொல்லி முடித்து, "சரி, உங்க உங்க பாத்திரத்தைச் சொல்லுங்க. ஓலைல பேர் எழுதணும்" என்றேன்.

எதிர்வீட்டுப் பெரிய பையன் கேட்டான்: "கால் வேலின்னா எவ்ளோண்ணா?"

"இன்னைக்குக் கணக்குல ஒன்றரை ஏக்கருக்கு மேல."

"எங்களுக்கு நெலமே இல்லையே."

"இது ஆட்டம்தானேடா, இருக்கறதா வச்சுக்க" என்றேன். சொல்லும்போதே அது சரியான பதில் இல்லை என்று தெரிந்தது. நிலம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வேதம் படித்ததாக வைத்துக்கொள்வதா? இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. அவன் பிறப்பையும் மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்வதா? என் பிறப்புக்கும் அங்கே ஓலை கிடையாது.

அக்கா மகள் அதற்குள் பட்டியலை முழுக்கப் படித்துவிட்டாள். "மாமா, இதுல நான் யாரு? பொண்ணு எங்கயும் வரலையே."

பார்க்கரின் பெட்டியில் நான் பார்த்த அட்டவணை எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றது. வெளிநாட்டான் நம்மை ராட்சசனாக்கிவிட்டான் என்று குறைப்பட்டு, நம்ம ஊரையே உலகமாக்கினால், முதல் பக்கத்திலேயே நாலு பிள்ளைகளும் வெளியே. உலகத்திலேயே முதல் ஜனநாயகம் என்று ஊரில் பேனர் வைக்கிறோம். அந்த விதிகளின் நுணுக்கம் உண்மை. கணக்குக் காட்டாதவனை வெளியே தள்ளிய நேர்மை உண்மை. யார் பெயர் ஓலையில் ஏறவே முடியாது என்பதும் அதே கல்லில் இருக்கிற உண்மை. ஒன்றை மட்டும் வாசிக்க முடியாது.

ஆட்டத்தை மூட்டை கட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். பெரிய பையன் ஏரியில் தூர் வாரும் ஓடக்காரன் ஆனான். ஓடம் விட்டு ஏரியில் தூர் எடுக்க நிலமும் பொன்னும் ஒதுக்கிய செய்திகள் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு என்று முதல் நாள் நான் சொல்லியிருந்தேன். கரை எங்கே பலவீனம் என்று சபையில் இருப்பவர்களைவிட அவனுக்குத்தானே தெரியும். சின்னவன் எண்ணெய் வாணியன். அக்கா மகன் கணக்கருக்கு எடுபிடி.

அக்கா மகள் கடைசியாகச் சொன்னாள்: "அந்த ஓலை எடுக்கற பையன், அது நான்."

"பையன்னுதான போட்டிருக்கு."

"வேஷம் போட்டுட்டு வந்தா யாருக்கு மாமா தெரியும்? அதோட எனக்குப் படிக்கத் தெரியும். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய அமைப்பில் அவள் நேராகப் போய் விரல் வைத்த இடம் அது. பானை, குலுக்கல், விரித்த கை, கூட்டத்தின் முன் வாசிப்பு, எல்லாப் பூட்டும் சரி. ஆனால் எடுக்கிற பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கை ஒன்று அடியில் இருக்கிறது. ஒன்றும் தெரியாத பிள்ளை என்று முடிவு செய்தது யார்?

தாயக்கட்டையை உருட்டினாள். நாலு விழுந்தது. வேஷம் பலித்தது. ஆட்டத்தில் ஓலையை எடுத்தாள், கணக்கர் கைக்குப் போவதற்கு முன் பெயரைப் படித்துவிட்டாள். கணக்குக் காட்டாதவனின் மைத்துனன். அவன் பெயர் பானைக்குள்ளேயே வந்திருக்கக் கூடாது. அப்படியென்றால் யாரோ உள்ளே எழுதிப் போட்டிருக்கிறார்கள். கத்திச் சொன்னால் அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதும், அவள் பையன் இல்லை என்பதும் வெளியே வந்துவிடும். ஓடக்காரன் கூட்டத்துக்கு வெளியே நின்று கசிவைச் சொல்லக் காத்திருக்கிறான். அவனைப் பேச விட ஆள் இல்லை.

ரொம்ப நேரம் யோசித்தாள். சாப்பிட அக்கா இரண்டு முறை கூப்பிட்டாயிற்று.

"இன்னைக்கு நிறுத்திக்கலாம் மாமா. நாளைக்குச் சொல்றேன்" என்று சார்ட் பேப்பரைச் சுருட்டினாள்.

ராத்திரி எல்லாரும் தூங்கினபின் நான் உட்கார்ந்து ஆட்டத்துக்கு ஒரு பக்கம் விதி எழுதினேன். முதல் வரியாக, பாத்திரம் தேர்ந்தெடுக்க நிலமோ வீடோ வயதோ தேவையில்லை, ஊரில் இருந்தால் போதும் என்று எழுதினேன். இரண்டாவது வரியாக, ஓலையில் யார் பெயர் ஏறும் என்பதைக் கல்வெட்டில் இருக்கிறபடியே விட்டேன். இரண்டுக்கும் நடுவில்தான் ஆட்டம்.

காலையில் காபி குடிக்கும் முன்பே அவள் தம்பி வந்து எழுப்பினான். அக்கா கோயில் மண்டபத்துக்குப் போகணுமாம், அந்தப் பையன் வருகிற வரி சுவரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டணுமாம். கிரந்தம் கலந்த பழைய எழுத்து, எனக்கே தட்டுத் தடுமாறித்தான் வரும். டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.